சீராக வந்த எண்ணெய்

அத்தியாயம் ஒன்பது

தாம்பாளத்தின் நடுவில் இருந்த தகர டின்னில் கடைச்சீட்டு எதுவும் இல்லாததைத் தங்கராஜு முதலிலேயே கவனித்தான்.

வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் தடவிய எலுமிச்சம்பழம். நடுவில் எண்ணெய் டின். தட்டைத் தலைக்கு மேல் ஏந்தியபடி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பாதையில் வந்துகொண்டிருந்தான் முருகையா. தங்கராஜுவின் மனைவி பவளத்தின் ஒரே தம்பி. தோட்டத்து ஆலையில் தேயிலை உருட்டும் ரோலர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன். புதுச் சட்டை போட்டிருந்தான். நெற்றி நிறையச் சந்தனம்.

"வழி விடுங்கலா! சீர் வருது, சீர்!"

லயமே வாசலுக்கு வந்து சிரித்தது.

"ஏண்டா முருகையா, காருக்கு மஞ்ச தண்ணியா ஊத்தப் போறே? வயசுக்கு வந்துருச்சா?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா.

"சிரிங்க, சிரிங்க. ஒங்க வீட்டுல காடி வந்தா ஒங்க தம்பி என்ன கொண்டாருவான்னு பாக்குறேன்!"

பவளம் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான மாதத்தில்தான் அப்பா காலமானார். முருகையா அப்போது கால்சட்டைப் பையன். தாய் வீட்டுச் சீர் என்று ஒரு பித்தளைச் சொம்புகூட வரவில்லை. தங்கராஜுவின் அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தாள். இன்று முதன்முறையாகத் தட்டு வருகிறது.

வாசலில் நின்ற கறுப்பு மோரிஸ் காரைத் தங்கராஜு பார்த்தான்.

பழைய கார்தான். ஆனால் அதற்குள் அவர்களுடைய வாழ்க்கை முழுவதும் இருந்தது. பவளத்தின் சங்கிலியும் வளையலும் இருந்தன. எஸ்டேட் லாரி ஓட்டி அவன் மிச்சம் பிடித்தது எல்லாம் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தோட்ட வேலையை விட்டுப் பேர் வெட்டிக்கொண்டாகிவிட்டது. மாதக் கடைசியில் இந்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பிரிஞ்சாங்கில் ஓர் அறை பேசி வைத்திருந்தார்கள். இனி சாப்பு ஓட்டித்தான் சாப்பாடு. லைசன்ஸ் இல்லாத வாடகைக் கார் என்றாலும் இந்த மலையில் அது இல்லாமல் யாருக்கும் எதுவும் நடப்பதில்லை.

முதல் சவாரியும் கிடைத்துவிட்டது. கோலா தெர்லாவில் காய்கறி வியாபாரம் செய்யும் ரெங்கசாமியைத் தினமும் காலையில் ஏற்றித் தாப்பாவில் இறக்க வேண்டும். இன்றைக்கு நேரத்தோடு போனால் அந்தச் சவாரி தொடர்ந்து தங்கராஜுவுக்கே. தவறினால் இன்னொருவனுக்கு.

"மாமா, பானட்டத் தொறங்க!"

தங்கராஜு திறந்தான். வேறு வழியில்லை. பழைய எண்ணெயை நேற்றே வடித்தாகிவிட்டது. அதுவும் முருகையா சொல்லித்தான். 'பழசை இன்னிக்கே வடிச்சிருங்க மாமா. மொத எண்ணெய் நாளைக்கு என் கையால' என்று அவன் கேட்டபோது தங்கராஜு மறுக்கவில்லை. கடையில் நல்ல எண்ணெய் வாங்கி வருவான் என்றுதான் நினைத்தான்.

முருகையா சூடம் காட்டினான். டின்னைச் சாய்த்தான்.

எண்ணெய் வரவில்லை.

இன்னும் சாய்த்தான். பிறகு வந்தது. கட்டை விரல் கனத்துக்கு, பாகு மாதிரி, அவசரமே இல்லாமல் இறங்கியது.

தங்கராஜுவுக்குப் புரிந்துவிட்டது. லாரியின் கீழே படுத்தே பாதி வயதைக் கழித்தவன் அவன். பிரிஞ்சாங்கில் பட்டறை வைத்திருக்கும் சீனன் ஆ ஹோக் அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். இந்த மலையில் காலையில் இஞ்சின் விறைத்துக் கிடக்கும், மிஞ்ஞா ஈத்தாம் இளகலாக இருக்க வேண்டும், முப்பதாம் நம்பர் போதும் என்று. இஞ்சின் எண்ணெயை இங்கே தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாருமே மிஞ்ஞா ஈத்தாம் என்றுதான் சொல்வார்கள். கறுப்பு எண்ணெய்.

இது கறுப்பும் இல்லை. இளகலும் இல்லை.

"என்ன மச்சான், ரொம்பக் கெட்டியா இருக்கு?" என்றான் மெதுவாக.

"குளிர் ஊரு மாமா. மனுசனே கம்பளி போத்திக்கிறான். இஞ்சினுக்கு வேணாமா?"

லயம் மறுபடி சிரித்தது.

"என்ன நம்பர்னு பாத்தியா?"

"சீருக்கு யாராச்சும் நம்பர் பாப்பாங்களா மாமா?"

பவளம் திரும்பினாள். அவள் கண்கள் தங்கராஜுவின் மேல் நின்றன. 'ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க' என்று கெஞ்சின. அடுத்த கணம் 'சொல்லித்தான் பாருங்களேன்' என்று மிரட்டின.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

மனசுக்குள் வேகமாக ஒரு திட்டம் போட்டான். இங்கிருந்து பிரிஞ்சாங் வரை இறக்கம்தான். இஞ்சினுக்குச் சிரமம் இருக்காது. நேராக ஆ ஹோக் பட்டறை. இதை வடித்துவிட்டு முப்பதாம் நம்பர் ஊற்றிக்கொண்டு கோலா தெர்லா. யாருக்கும் தெரியப்போவதில்லை. பவளத்துக்குத் தெரியவே கூடாது. தாய் வீட்டுச் சீரைச் சாக்கடையில் கொட்டியவன் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள்.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் வைத்தாயிற்று. சாவியைத் திருகினான். இஞ்சின் முனகியது. மறுபடி திருகினான். தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் போல இருமிக்கொண்டு உயிர் பெற்றது.

பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய் மேலே ஏறவில்லை என்று சொல்லும் விளக்கு. வழக்கமாக உடனே அணைந்துவிடும். இன்றைக்கு அணையவில்லை.

கியரைப் போட்டான்.

முன் கதவு திறந்தது. முருகையா உள்ளே ஏறி உட்கார்ந்து கதவை அறைந்தான்.

"நீ எங்கடா?"

"இன்னிக்கு எனக்கு மத்தியான ஷிப்ட்டு மாமா. மொத ஓட்டம்! நான் இல்லாமயா?" கண்ணாடிக்கு வெளியே கையை ஆட்டினான். "அக்கா, போயிட்டு வரோம்!"

தங்கராஜுவின் திட்டம் அங்கேயே செத்தது.

---

தேயிலைச் சரிவுகளில் பனி இன்னும் விலகவில்லை. வளைவுகளில் கார் தானாகவே உருண்டது. முருகையா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான்.

"வெளக்கு எரியுது பாருங்க மாமா. மங்களமா இருக்கு."

தங்கராஜு அடுத்த வளைவுக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பினான்.

முதல் மைல்கல்லைத் தாண்டிய பிறகுதான் விளக்கு அணைந்தது. அணைந்த பிறகும் மினுக்கிக்கொண்டே இருந்தது. இஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ உள்ளேயிருந்து விரல் மடக்கிக் கதவைத் தட்டுவது மாதிரி, மெல்லிசாக.

பிரிஞ்சாங் கடைத்தெரு வந்தது. ஆ ஹோக் பட்டறை திறந்திருந்தது. தோட்டத்து லாரி ஒன்று பழுதுக்கு வந்து உள்ளே நின்றது. ஆ ஹோக் வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

தங்கராஜு பிரேக்கை அழுத்தினான்.

"எதுக்கு மாமா இங்க?"

"டயருக்குக் காத்து பாக்கணும்."

"நேத்துதானே அடிச்சீங்க?"

ஆ ஹோக் எழுந்து வந்தான். ரொம்ப நாளாகத் தோட்டத்து ஆட்களோடு பழகியவன். தமிழைக் கால் உடைத்துப் பேசுவான், ஆனால் பேசுவான்.

"தங்கராஜு! புது தவுக்கே! இனி நீயும் மொதலாளி! மிஞ்ஞா மாத்த வந்தியா?"

"அது ஆச்சு தவுக்கே!" முருகையா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "நான் ஊத்தியாச்சு. அக்கா வீட்டுக் காடிக்குத் தம்பி சீர். ஒனக்கு இன்னிக்கு யாவாரம் இல்ல!"

ஆ ஹோக் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தான். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான்.

"சத்தம் நல்லா இல்லலா. பானட் தொற. நான் பாக்குறேன்."

அந்த ஒரு கணம்தான்.

இஞ்சினை நிறுத்தியிருக்கலாம். இறங்கியிருக்கலாம். 'மச்சான், எண்ணெய் சரியில்ல, கோவிச்சுக்காதே' என்று சொல்லியிருக்கலாம். தங்கராஜு பக்கவாட்டில் பார்த்தான். முருகையாவின் முகம் சந்தனமும் சிரிப்புமாக மின்னியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதனாக உட்கார்ந்திருந்தான் அவன்.

"திரும்பி வரும்போது பாத்துக்கலாம் தவுக்கே. ரெங்கசாமி காத்துக்கிட்டு இருப்பாரு."

"தங்கராஜு, மேல போகாத. இறக்கம் வேற, ஏத்தம் வேற!"

கார் நகர்ந்துவிட்டது.

---

பிரிஞ்சாங்கை விட்டதும் ஏற்றம் தொடங்கியது. கியா பார்ம் வரை சாலை மலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறும். தங்கராஜு கியரை இறக்கினான். சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தது.

தட்டும் சத்தம் இப்போது மெல்லிசாக இல்லை. சுத்தியல்.

"மாமா, ஏதோ அடிக்குது."

"கேக்குது."

"நிப்பாட்டுங்களேன்."

"இந்த வளைவுலயா? பின்னால லாரி வருதுடா!"

காய்கறிக் கடைகள் கண்ணுக்குத் தெரிந்தன. கோஸ் மூட்டைகளின் மேல் யாரோ சாக்கு விரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் ஒதுக்கிவிடலாம். இன்னும் கொஞ்ச தூரம். கொஞ்சமே கொஞ்சம்.

டம்மென்று ஒரு சத்தம். கார் முழுவதும் ஒரு முறை குலுங்கியது. பின்சக்கரங்கள் இறுகி நின்றன. தங்கராஜு கிளட்சை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டீயரிங்கைப் பள்ளத்துப் பக்கமிருந்து திருப்பி நிறுத்தினான்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சாவியைத் திருகினான். டிக் என்றது. இன்னொரு தடவை. டிக். இஞ்சின் அசையவில்லை. கல்லாகிவிட்டது.

இறங்கி, எண்ணெய்க் குச்சியை உருவி விரலில் தடவிப் பார்த்தான். மூக்கருகே கொண்டு போனான். அழுகிய முட்டை மாதிரி ஒரு காந்தல் வாடை. அந்த வாடை தங்கராஜுவுக்குப் பழக்கமானது. ஆலை வாசலில் லாரியை நிறுத்தும்போதெல்லாம் உள்ளேயிருந்து வரும் வாடை.

"முருகையா. இத எங்கடா வாங்குனே?"

அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். 

"ஒன்னத்தான் கேக்குறேன்!"

"டின்னு கடையில வாங்குனதுதான் மாமா."

"டின்னு?"

"காலி டின்னு." கதவிலிருந்து கையை எடுத்தான். "எண்ணெய் நம்ம ஆலையோடது. ரோலர் கியருக்கு ஊத்துறது. நல்ல எண்ணெய் மாமா, சத்தியமா! நான்தானே ஊத்துறேன். ராவும் பகலும் ஓடுது அந்த மிசினு, ஒரு சத்தம் கேட்டதில்ல. கடை எண்ணெய விட ஒசத்தின்னுதான்... ஒங்க காடிக்கு ஒசத்தியா ஊத்தணும்னுதான்..."

தங்கராஜு கையை ஓங்கினான். ஓங்கிய கை காரின் கூரையில் போய் விழுந்தது.

அடிக்க முடியவில்லை. திருடிக்கொண்டு வந்து ஏமாற்றியவனை அடிக்கலாம். தன்னிடம் இருந்ததிலேயே சிறந்ததைக் கொண்டு வந்தவனை எங்கே அடிப்பது?

மேலேயிருந்து ஒரு நீல நிறக் கார் இறங்கி வந்தது. வேகம் குறைந்தது. பின்சீட்டில் ரெங்கசாமி. காத்திருந்து காத்திருந்து வேறு வண்டி பிடித்துவிட்டார்.

"என்னாப்பா தங்கராஜு! நடு ரோட்டுல பூசை போடுறியா?"

"அண்ணே, இஞ்சின்ல சின்னக் கோளாறு... நாளைக்கு..."

"நாளைக்கா? நாளைக்கும் இவரே வரேன்னுட்டாரு. நீ ஒன் காடிய நல்லா மாலை போட்டு வச்சுக்க!"

நீலக் கார் வளைவில் மறைந்தது.

---

கோஸ் லாரி ஒன்று கயிறு கட்டி இழுத்துக் கொண்டுவந்து ஆ ஹோக் பட்டறையில் விட்டது.

ஆ ஹோக் எதுவும் கேட்கவில்லை. கீழே படுத்துத் திருகாணியைக் கழற்றினான். எண்ணெய் பேசினுக்குள் இறங்கியது. அதில் மினுமினுவென்று பித்தளைத் தூள் மிதந்தது. பவளத்தின் நகைகளை யாரோ அரத்தால் ராவிக் கொட்டியது போலிருந்தது தங்கராஜுவுக்கு.

"பேரிங் போச்சு. கிராங்க் போச்சு. உள்ள எல்லாம் போச்சு." ஆ ஹோக் கையைத் துடைத்துக்கொண்டான். "கெட்டி எண்ணெய் குளிர்ல ஏறாதுலா. ஏறாட்டி இரும்பும் இரும்பும் சாப்பிடும். வேற இஞ்சின்தான். ஈப்போவுல பழசு கிடைக்கும்."

"எவ்வளவு ஆகும்?"

அவன் சொன்னான். தங்கராஜு தலையை மட்டும் ஆட்டினான். காரை வாங்கியதே கிட்டத்தட்ட அந்த விலைக்குத்தான்.

"இன்னொண்ணு." ஆ ஹோக் குரலைத் தாழ்த்தினான். "இது என்ன எண்ணெய்னு எனக்குத் தெரியும். ஒங்க ஆலைக்கு இந்தப் பீப்பாய் நான்தானே ஏத்தி விடுறேன். நாளைக்கு ஒங்க தோட்டத்து ஆபீஸ் கிராணி லாரி எடுக்க இங்க வருவாரு."

முருகையா அவன் கையைப் பிடித்தான். "தவுக்கே, சொல்லிடாதே. ஆலைப் பொருள எடுத்தேன்னு தெரிஞ்சா மானேஜர் துரை அன்னிக்கே பேர வெட்டிருவாரு. பொண்டாட்டி பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"கிராணி கேக்காட்டி நான் சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்லா."

வெளியே தூறல் போட்டது. இருவரும் நடந்தார்கள். கடைத்தெருவைத் தாண்டினார்கள்.

"மாமா."

"ம்."

"அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க மாமா. துரை வெட்டுனாக்கூடப் பரவால்ல. அக்கா மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

தங்கராஜு நடந்துகொண்டே இருந்தான். காலையில் ஊற்றும்போது, எண்ணெய் கெட்டி என்று தெரிந்தபோது, வாயை மூடிக்கொண்டவன் யார்? பட்டறை வாசலில் வண்டியை நகர்த்தியவன் யார்?

"சொல்லல" என்றான்.

---

பவளம் வாசலிலேயே நின்றாள். இரண்டு பெண் பிள்ளைகளும் அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்கள் முதலில் பாதையைத் தேடின. காரைக் காணவில்லை. நனைந்த இரண்டு ஆண்கள் மட்டும் வந்தார்கள்.

"கார் எங்க?"

"பட்டறையில கெடக்கு. இஞ்சின் போயிருச்சு."

"போயிருச்சுன்னா? செஞ்சிரலாம்தானே?"

"முடியாது பவளம். முழுசாப் போயிருச்சு. ரெங்கசாமி சவாரியும் போச்சு."

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. மூச்சு மட்டும் பெரிதாக வந்தது.

"பழைய லாரி வேலையக் கேட்டுப் பாருங்க."

"அந்த லாரியில போன வாரமே புது ஆள் ஏறிட்டான்."

 பிறகு பவளம் நிமிர்ந்தாள்.

"காலையில நம்ம காடி ஆ ஹோக் பட்டறை வாசல்ல நின்னுச்சாம். சந்தைக்குப் போன செல்லம்மா பாத்துட்டு வந்து சொன்னா. நெசமா?"

தங்கராஜுவுக்குச் சுருக்கென்றது.

"நெசம்தான்."

"எதுக்கு நின்னீங்க? எண்ணெய மாத்தத்தானே? காலையிலயே ஒங்க மொகத்தப் பாத்தேன். கெட்டியா இருக்கு, நம்பர் என்னான்னு கேட்டீங்கல்ல?" குரல் ஏறியது. "என் தம்பி ஊத்துனத அவன் கண்ணு முன்னாலயே வடிச்சுக் கொட்டிட்டு அந்தச் சீனன்கிட்ட எதையோ வாங்கி ஊத்தியிருக்கீங்க. அதான் இப்ப இந்தக் கதி. சொல்லுங்க!"

முருகையா அதற்குள் வாசலேறி அவள் பின்னால் போய் நின்றிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வாய் திறந்தது. மூடியது.

தங்கராஜு அவனையே பார்த்தான். சொல்லேன்டா. ஒரே வார்த்தை.

அவன் சொல்லவில்லை.

உண்மையைத் தானே போட்டு உடைக்கலாம். லயம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போது சொன்னால் பொழுது சாய்வதற்குள் துரை பங்களாவுக்குப் போய்விடும். முருகையாவின் பேர் வெட்டப்படும். அவன் வீடும் போகும். பிரிஞ்சாங் அறைக்கு வாடகை கொடுக்க இனி வழியில்லை. மாதக் கடைசியில் இந்தப் பிள்ளைகள் ஒதுங்குவதற்கு இந்த மலையில் மிச்சமிருக்கும் ஒரே கூரை அந்த வீடுதான்.

காலையில் செய்திருக்க வேண்டியதை, செய்யாமல் விட்டதை, செய்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

"ஆமா" என்றான் தங்கராஜு. "வடிச்சுக் கொட்டிட்டேன்."

பவளம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

"ஒங்கம்மா சீர் வரலன்னு என்னைக் குத்துனாங்க. வாங்கிக்கிட்டேன். வந்த சீர நீங்க சாக்கடையில ஊத்திட்டீங்க." மெதுவாகத்தான் சொன்னாள். "அதோட என் நகையும் போச்சு, பொழைப்பும் போச்சு. இனி இந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு?"

"பவளம், மழை விடட்டும்..."

"மாசக் கடைசியில போறத இன்னிக்கே போறேன். எந்தம்பி வீட்டுல ஒரு மூலை இல்லாமயா போயிரும்?"

உள்ளே போனாள். துணிகளை அள்ளும் சத்தம் கேட்டது. தகரப் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தன. சின்னவள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"முருகையா, இத எடு."

முருகையா அசையவில்லை.

"எடுடா, ஒன்னத்தான்!"

அவன் குனிந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். தங்கராஜுவைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. பவளம் இரண்டு பிள்ளைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். திறந்த கதவுகளில் நின்ற எல்லா முகங்களும் தங்கராஜுவின் பக்கம் திரும்பின. செல்லம்மா காறித் துப்பினாள்.

லயத்தின் கடைசியில், குழாயடியில், முருகையா நின்றான். பெட்டியை மெல்லக் கீழே இறக்கி வைத்தான். திரும்பி, வாசலில் நிற்கும் மாமாவைப் பார்த்தான். அவன் உதடுகள் அசைவது இங்கிருந்தே தெரிந்தது.

தங்கராஜு மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா?" என்றாள் பவளம்.

"ஒண்ணுமில்லக்கா," என்றான் முருகையா. "கை வலிச்சுது."

பெட்டியை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டான்.